பட்டாணி அளவு ஓட்டை

உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்று என் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே ஆள் சம்பந்தம். அதையும் மரியாதையாக, நாற்காலி போட்டு உட்கார வைத்து, தெருமுனைக் கடையில் டீ சொல்லிவிட்டுத்தான் சொன்னார். ஆம்பூரில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு என்றால் பங்கஜம் டீச்சர்தான். வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அழுத பிள்ளைகளைக்கூடப் பொங்கலுக்குள் தன் பெயரை எழுத வைத்தவள் நான். எனக்குக் கோபம் வந்ததில் என்ன தப்பு?

1976 ஜூன் மாதம் அது. பள்ளி திறந்ததும் வீடு வீடாகப் போய் ஐந்து வயதான பிள்ளைகளின் பெயரை எழுதிவருவது எங்களுக்கு வருடா வருடம் உள்ள வேலை. சம்பந்தத்தின் மகள் ரேணுகாவுக்கு மாசியில் ஐந்து முடிந்திருந்தது. அவருக்கு ஒரே பிள்ளை.

"பேரு வேணும்னா எழுதிக்கோங்க டீச்சர். ஆனா அனுப்ப மாட்டேன்" என்றார்.

"ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. படிக்கணும்னு அதுக்கா தோணும்போது படிக்கும்."

"எப்போ தோணும்?"

"எனக்கு எப்டித் தெரியும்? அதுக்குத்தான் தெரியும்."

குழந்தை கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மெலிந்த உடம்பு, எண்ணெய் வழியும் தலை. வெறுங்காலில் நடந்தால் சத்தமே கேட்காது. நான் நீட்டிய பெப்பர்மிண்டை வாங்கிக்கொண்டது, ஆனால் வாயில் போடவில்லை.

சம்பந்தத்தின் கதையை அவர் ஒரேயடியாகச் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவை நான் சண்டைக்குப் போகும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பேரணாம்பட்டுப் பக்கத்துக்காரர். இரண்டாம் வகுப்பில் இடது கையால் எழுதினார் என்று வாத்தியார் அந்தக் கையைப் பெஞ்சுக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டாராம். மத்தியானம் கட்டை அவிழ்க்க மறந்து வாத்தியார் சாப்பிடப் போய்விட்டார். பையன் கட்டோடு உட்கார்ந்திருந்து, பிறகு பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டு ஓடியவன்தான், திரும்பிப் போகவில்லை. ஒன்பது வயதில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டும் வேலை. எழுதிய ஒன்றிரண்டு எழுத்தும் மறந்துபோய், இருபத்திரண்டு வயது வரை வாசிக்கத் தெரியாது. ஒரு நாள் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது, எதிரே வந்த பஸ்ஸின் பலகையில் இருந்தது 'வேலூர்' என்று தெரிந்ததாம். யாரும் சொல்லவில்லை. அடுத்த பஸ் 'குடியாத்தம்' என்றது. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் சாயங்காலம் வரை அங்கேயே நின்று பஸ் பஸ்ஸாகப் படித்தேன் என்றார்.

"எழுத்து பல்லு மாதிரி டீச்சர். நேரம் வந்தா முளைக்கும். ஈறைக் கீறினா ரத்தம்தான் வரும்."

"பல்லு சொத்தையாகியும் போகும் சம்பந்தம்" என்றேன்.

அவர் சிரித்தார்.

அவர் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பச்சைத் தோல் வந்து இறங்கும் கிடங்கில் தரம் பிரிப்பவர் அவர். ஒவ்வொரு தோலையும் விரித்து, கண்ணை அரைவாசி மூடி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். வெட்டின மாட்டின் தோல் ஒரு பக்கம் போகும். தானாகச் செத்த மாட்டின் தோலை 'முர்தார்' என்பார்கள். ரத்தம் வடியாமல் நரம்பிலேயே உறைந்திருப்பதால் பதனிட்ட பிறகும் அதில் கறுப்பாகக் கோடு தெரியும். ஏற்றுமதிக்கு ஆகாது. முர்தார் என்று கைக்குத் தெரிந்ததும் சம்பந்தம் ஒரு சின்ன இரும்பை எடுப்பார். முனை குழாய் போல இருக்கும். அதைத் தோலின் வால் ஓரத்தில் வைத்து மரச் சுத்தியால் ஒரு தட்டு. பட்டாணி அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. மையில் எழுதினால் தொட்டித் தண்ணீரில் அழிந்துவிடும், ஓட்டை அழியாது. ஓட்டை இல்லாத தோலெல்லாம் சாயங்காலம் மெட்ராஸ் லாரியில் ஏறிப் போய்விடும். ஓட்டை விழுந்தது மூலையில் கிடக்கும். அந்தத் தெருவில் பிறந்த ஒவ்வொருவருக்கும், ஒரு எழுத்து தெரியாதவர்களுக்கும், அந்த ஓட்டை என்னவென்று தெரியும்.

காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதும். ஆண்கள் தோல் வேலைக்கு, பெண்கள் ஷூ கம்பெனிக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு. சம்பந்தத்தின் மனைவி சந்திராவும் ஷூவின் மேல்பாகம் தைக்கும் வேலைக்குப் போவாள். எட்டரைக்குப் பிறகு தெரு காலி. ஒரு தடவை நான் பதினொரு மணிக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். நல்ல வெயில். சாக்கடையும் தோலும் கலந்த அந்த வாடை வெயிலில் இன்னும் கூடும். கதவுகள் எல்லாம் திறந்தே கிடந்தன, ஆனால் ஒரு பேச்சுக்குரல் இல்லை. ஒவ்வொரு வீட்டின் உள்ளிருட்டிலிருந்தும் ஒரு இருமல், ஒரு முனகல், கட்டில் கயிறு நெரியும் சத்தம். எழுந்து நடக்க முடியாதவர்கள் மட்டும் பகலில் மிச்சம். அந்த வீடுகளுக்குள் ரேணுகா போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு வாசலில் நுழையும், கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து அடுத்த வாசலில் நுழையும். என்னைப் பார்த்தது, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு வீட்டுக்குள் போய்விட்டது.

மத்தியானத்துக்கு மேல் அது அப்பா வேலை செய்யும் கிடங்குக்குப் போகும். உப்பு மூட்டை மேல் குந்திக்கொண்டு அவர் கை போகும் இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் எதையும் விளக்கமாட்டார். அதுவும் கேட்காது. சொல்லிக்கொடுப்பதில்லை, கேள்வி கேட்டுச் சோதிப்பதில்லை, சரி தப்பு என்பதில்லை. இதுதான் சம்பந்தத்தின் சட்டம்.

அடுத்த வருடம் ஐப்பசியில் கோவிந்தசாமி செத்தார். தொட்டி வேலையில் நெஞ்சு கெட்டு இரண்டு வருடமாகப் படுத்திருந்த ஆள். குளிப்பாட்டும்போது அவர் தோளில் கிடந்த துண்டின் ஓரத்தில் ஒரு ஓட்டை இருந்ததைப் பார்த்தார்கள். எலி கடித்தது அப்படி வட்டமாக இருக்காது, நெருப்புப் பட்டால் ஓரம் கருகியிருக்கும். கத்தரித்தது போலச் சுத்தமாக, பட்டாணி அளவு. யாரோ 'முர்தார் ஓட்டை' என்றார்கள். சாவு வீட்டில் அப்படிப் பேசாதே என்று இன்னொருவர் அதட்டினார். அதோடு போயிற்று.

பங்குனியில் தெருக்கோடியில் இருந்த கலீமுல்லா போனார். தொழிற்சாலை வாசலில் காவல் இருந்தவர். ஒரு பக்கம் கைகால் விழுந்துபோய்ப் படுத்துவிட்டார். இந்தத் தடவை ஓட்டை லுங்கியின் கரையில் இருந்தது. அவர் செத்ததற்கு நான்கு நாள் முன்பே அவருடைய மகள் ரஃபத் ஜஹான் அதைப் பார்த்திருக்கிறாள். துவைக்கும்போது பார்த்து, பயந்து, யாரிடமும் சொல்லாமல் தைத்துவிட்டாள். அவர் போன பிறகுதான் அழுதுகொண்டே சொன்னாள். அப்புறம் யார் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தினமும் போய் உட்காருவது என்று யோசிக்கத் தெருக்காரர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. சந்திரா மகளின் பாவாடை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். சம்பந்தம் தேய்ந்துபோனது என்று தூக்கிப்போட்ட பழைய இரும்பு ஒன்று உள்ளே இருந்தது.

"ஏன்டி போட்ட? ஏன்டி போட்ட?" என்று முதுகில் நாலு வைத்தாள். பிள்ளை அழுததே தவிர வாயைத் திறக்கவில்லை. ஏன்டி என்று அடித்துக்கொண்டே கேட்டால் எந்தக் குழந்தைக்குப் பதில் வரும்? அது கேள்வியே இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கும் இது தோன்றவில்லை. இரும்பைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார்கள். அந்தக் கிடங்கில் இரும்புக்கா பஞ்சம்?

அந்த ஜூனில் நான் வழக்கம்போலப் போனேன். பயந்துகொண்டுதான் போனேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். படம் போட்ட அட்டைகளைத் தரையில் பரப்பினேன். ரேணுகா அட்டையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து என் முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு என் வாயைப் பார்த்தது. நான் சம்பந்தத்திடம், "இதுதான் கடைசி. வேலூர் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். என் தொல்லை உங்களுக்கு இனிமே இல்ல" என்றேன். எரிச்சலில் சொன்னதுதான், ஆனால் நிஜம். நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த மாற்றல் அது. அந்த வருடம் கிடைத்துவிடும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். கிளம்பும் முன் டீ வந்தது. சந்திராவோடு வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன், முந்தானை பின்னால் தரையில் கிடந்தது. முந்தானையை யார் கவனித்தார்கள்?

மறுநாள் காலை அதே புடவையைத் துவைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன். முந்தானைக் கரைக்கு மேலே, வட்டமாக, சுத்தமாக.

நான் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். பூனை குறுக்கே போனால் நின்றவள் இல்லை. ஆனால் அன்றைக்குத் துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை வேலூருக்குப் போய்ப் பெரிய டாக்டரிடம் ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தேன். உங்களுக்கு ஒன்றுமில்லை என்றார். அவர் சொன்னதை நான் நம்பவில்லை. நாற்பது நாள் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் பென்சில் சீவும் சத்தத்துக்கே தூக்கிவாரிப்போட்டது. அந்தப் புடவையை யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை, கட்டவும் துணிவில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். ஆவணியில் மாற்றல் இல்லை என்று காகிதம் வந்தது. அந்த வருடமும் இதே பள்ளிதான். எனக்கு அதற்கு வருத்தப்படக்கூட நேரமில்லை, இன்னும் உயிரோடு இருக்கிறேனே என்பதே பெரிதாக இருந்தது.

அடுத்தது அன்னம்மாள். சம்பந்தத்தின் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கி, சுவரில் சாய்ந்தபடியே தூங்குவார். மருமகள் எஸ்தர் ஷூ கம்பெனிக்குப் போகும்போது, தண்ணீர்ச் செம்பைக் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போவாள். செம்பு காலியானால் நிரப்பித் தருவது ரேணுகாதான். அந்தக் கிறிஸ்துமசுக்குப் பிறகு, ரேணுகாவை உள்ளே விடாதே என்று எல்லாரும் எஸ்தரிடம் சொன்னார்கள். அவளும் கதவைச் சாத்திப் பார்த்தாள். ஆனால் அன்னம்மாளே, "அது வரலன்னா பகல்ல நான் யார் மூஞ்சியப் பார்ப்பேன்?" என்று கேட்டுத் திறக்க வைத்தாராம். மாசியில் ஒரு நாள் சாயங்காலம் எஸ்தர் வீட்டுக்கு வந்தபோது தலையணை உறையில் ஓட்டை. பத்தாவது நாள் அன்னம்மாள் இல்லை.

அடக்கம் முடிந்து வந்த எஸ்தர், அந்தத் தலையணையைச் சம்பந்தத்தின் வாசலில் போட்டுக் கொளுத்தினாள். இலவம்பஞ்சு எரியும் நாற்றம் தெரு முழுக்க இரண்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் கொடியில் துணி காயவில்லை. எல்லாத் துணியும் வீட்டுக்குள். எட்டரை மணிக்குக் கதவுகள் சாத்தப்பட்டன. பால்காரன் சம்பந்தம் வீட்டுக்குப் பாலைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போனான். சாத்திய கதவுகளுக்கு நடுவே ரேணுகா மட்டும் பகல் முழுவதும் நடந்தது. ஒரு கதவின் முன் நிற்கும். தட்டாது. உள்ளே இருமல் கேட்கும் வரை நின்று, கேட்டதும் அடுத்த கதவுக்குப் போகும். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, கூப்பிடாமல், வந்த வழியே திரும்பினேன்.

சந்திராவின் அண்ணன் வந்து மகளையும் தாயையும் சோளிங்கருக்குக் கூட்டிப்போனான். காத்துக் கருப்பு பிடித்தவர்களைக் கொண்டுபோகிற மலை அது. குளத்தில் முழுக்காட்டி, ஈரத் துணியோடு படியேற வைத்தார்கள். சுற்றிலும் தலைவிரித்து ஆடியவர்களை ரேணுகா வாய் மூடாமல் பார்த்ததாம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. புளியோதரை இரண்டு தடவை வாங்கித் தின்றுவிட்டு, பஸ்ஸில் தாயின் மடியில் தூங்கிக்கொண்டே வந்தது. தூங்கும் மகளின் கையில் இரும்பு இருக்கிறதா என்று வழியெல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன் என்று சந்திரா என்னிடம் சொன்னாள்.

அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்று பள்ளியோடு சேர்ந்து இருந்தது. அதன் வார்டன் என்னோடு டிரெயினிங் படித்தவள். ரேணுகாவை அங்கே சேர்த்துவிடலாம், படிப்பும் ஆகும், தெருவும் அமைதியாகும் என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னதாக அப்போது நினைத்தேன். பொய். எனக்கு அந்தப் பிள்ளை ஆம்பூரில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சம்பந்தம் இரண்டு மாதம் அசையவில்லை. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே என் வீட்டைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"முர்தார் தோலு என் கைக்குத் தெரியும் டீச்சர். கண்ணு பார்க்கறதுக்கு முன்னாடி கை சொல்லிடும். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கல, தானா வந்துச்சு. எழுத்து வந்த மாதிரியே." உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "பாப்பாவுக்கும் அதான் வந்துருக்குதோ என்னமோ. ஆனா அதுக்கு மனுசங்க மேல வந்துருக்குது. தானா வரட்டும் தானா வரட்டும்னு நான்தான வுட்டேன்? இப்டி வரும்னு தெரியாமப் போச்சு. உங்க தோஸ்த்துக்கு லெட்டர் எழுதுங்க."

மூன்று வருடச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அவர் தலை குனிந்து படியிறங்கிப் போனதைப் பார்த்தபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை. லெட்டரை மட்டும் அன்றைக்கே எழுதினேன்.

1979 ஜூன், பள்ளி திறக்கும் நாள். ஒன்பது மணி பஸ்ஸுக்கு நானே கூட்டிப்போவதாக ஏற்பாடு. எட்டு மணிக்குப் போனேன். புதுத் தகரப் பெட்டி வாசலில் இருந்தது. பெட்டியைக் கண்டதும் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நிம்மதியோடு வழியனுப்ப வந்தவர்கள், கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். எஸ்தரும் எதிர்வாசலில் நின்றாள். உள்ளே சந்திரா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ரிப்பன் கட்டி முடித்து, பாவாடையை இழுத்துச் சரிசெய்தவள், அப்படியே கையை எடுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தம் அழுகையும் இல்லை, கத்தலும் இல்லை.

புதுப் பச்சைப் பாவாடை. அதன் கீழ்க்கரையில் ஒன்று, இரண்டு, மூன்று, சுற்றிலும் வரிசையாக ஏழு ஓட்டைகள். ஒவ்வொன்றும் பட்டாணி அளவு.

வாசலில் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் கண்ணைத் தாய்மார்கள் பொத்தினார்கள். தன்னையே குறித்துக்கொண்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். இந்தப் பிள்ளை இன்றைக்குப் பஸ்ஸில் போகும்போதே செத்துவிடும் என்று நான் நம்பினேன். படித்த நானே நம்பினேன் என்பதை மறைக்க மாட்டேன்.

சம்பந்தம் மகளுக்கு எதிரே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவர் கை பாவாடைக் கரையைப் பிடித்திருந்தது, தடவவில்லை. எட்டு வருடத்தில் மகளிடம் அவர் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார். மெதுவாக, கிடங்கில் லாரி எப்போது வரும் என்று கேட்பது போல.

"இன்னா பாப்பா இது? எதுக்குப் போட்ட?"

ரேணுகா அவரைப் பார்த்தது. இது கூடத் தெரியாதா என்கிற பார்வை.

"ஓட்டை போட்டா லாரில ஏத்த மாட்டாங்க இல்ல, நைனா? இங்கயே இருக்கும் இல்ல?"

ரேணுகா பாவாடைக் கரையில் ஒரு ஓட்டையைத் தொட்டுக் காட்டியது.

"என்னைய ஊருக்கு அனுப்பறீங்க இல்ல. அதான் போட்டேன்."

சம்பந்தம் கரையை விடாமல் கேட்டார். "அப்போ கோவிந்தசாமி தாத்தாவுக்கு?"

"தாத்தாவ எடுத்துட்டுப் போய்டுவாங்கன்னு சொன்னாங்க. எடுத்துட்டுப் போவக் கூடாதுன்னு போட்டேன். சின்ன இரும்பு நைனா அது, சரியா வுழல. எடுத்துட்டுப் போய்ட்டாங்க. பாய் தாத்தாவுக்குப் போட்டத அக்கா தச்சிடுச்சு." பிறகு என் பக்கம் திரும்பியது. "டீச்சருக்குத்தான் நல்லா வுழுந்துச்சு. டீச்சர் வேலூருக்குப் போறேன்னு சொன்னாங்க. போவல."

தெரு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தலை குனிந்துகொண்டேன். எந்தக் குழந்தைக்குப் பயந்து நாற்பது நாள் தூங்காமல் கிடந்தேனோ, அந்தக் குழந்தை என்னைப் போகவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறது. அந்தத் தெருவில் பகலில் அதற்குப் பழக ஆளே கிடையாது. ஓடுகிற பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். நடக்கிறவர்கள் வேலையில் இருந்தார்கள். கட்டிலில் கிடந்தவர்கள் மட்டும்தான் அதோடு பேசினார்கள். அவர்களோ சாகக் கிடந்தவர்கள். சாகப்போகிறவர்களை அது கண்டுபிடிக்கவில்லை, அவர்களைத் தவிர அதற்கு வேறு யாரும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு டிரெயினிங்கும் உதவவில்லை. சம்பந்தத்தின் சட்டமும் உதவவில்லை. பிள்ளையை அதன் போக்கில் விட்டவர், அதன் போக்கு எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இதை அவரிடமே பிற்பாடு சொன்னேன். ஆமாம் டீச்சர் என்றார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேணுகா விடுதிக்கும் போகவில்லை, என் வகுப்புக்கும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சம்பந்தம் மட்டும் தினமும் சாயங்காலம், இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்கத் தொடங்கினார். அதற்குப் பத்தரை வயதாகும்போது ஒரு நாள் என்னோடு கடைத்தெருவுக்கு வந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஒரு சுவரின் முன் நின்று, 'இங்கு விளம்பரம் செய்யாதீர்' என்று வாசித்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு நடுத்தெருவில் கண்ணீர் வந்துவிட்டது. அந்த வருடம் முடிவதற்குள் பத்திரிகை வாசித்தது. எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதித் தேறியது. சம்பந்தம் 1986இல், தூக்கத்திலேயே போனார். அவர் சட்டையில் ஒரு ஓட்டையும் இல்லை, யாரோ தேடிப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் முடிக்க வேண்டியது அந்த ஜூன் மாதக் காலையில்தான். எல்லாரும் நின்ற இடத்திலேயே நிற்க, எஸ்தர் தெருவைக் கடந்து வந்தாள். தலையணை எரித்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. ரேணுகாவின் முன்னால் நின்றாள்.

"எங்க அத்தைக்குப் போட்டியே. அவங்க பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. எதுக்குடி கண்ணுன்னு கேட்டாங்க. சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க" என்றது ரேணுகா. "இன்னொன்னு போடுன்னாங்க."